விலை குறைந்த மேக்கப்பை வாங்கிப் பார்ப்பது எப்படி? முகம், உதடு, புருவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடை அலமாரியிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிற மேக்கப் சாமான்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம். பல வருடங்களாக நான் போட்டுக்கொள்வது பெரும்பாலும் இவைதான். என் தங்கை, அவளுடைய தோழிகள், கூட வேலை பார்க்கிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். கடையில் இரண்டு நிமிடம் கையில் தேய்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, அப்புறம் "மலிவான சாமான், அதான் இப்படி" என்று நொந்துகொள்கிறோம். அந்தப் பொருள் ஒரு முழு நாள் நம் முகத்தில் இருந்தால்தான் அதன் குணம் தெரியும்.

விலை குறைவு என்றால் தரமும் குறைவுதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. முகம் முழுக்க ஒரே நிறமாகத் தெரியப் பூசுகிற ஃபவுண்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விலையாக இருந்தாலும் அதன் நிறம் வருவது பெரும்பாலும் நான்கே பொருட்களிலிருந்துதான்: மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மூன்று நிற இரும்பு ஆக்சைடுகள், வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. பணக்காரப் பெட்டியிலும் அதுதான், சாதாரண டியூபிலும் அதுதான். லான்கோம் என்ற விலை உயர்ந்த பிராண்டும் மேபலின் என்ற கைக்கடக்கமான பிராண்டும் ஒரே லோரியல் நிறுவனத்துடையவை. மேபலினை அவர்கள் வாங்கியது 1996-இல். நிக்ஸ் என்ற இன்னொரு மலிவு பிராண்ட் 2014-இல் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒரே குடும்பத்துக்குள் இருக்கும்போது ஆராய்ச்சிக்கூடத்தில் கற்றுக்கொண்டது இரண்டு பக்கமும் போகத்தான் செய்யும்.

குறை எங்கே தெரியும் என்றால், டப்பா, மூடி, கூடவே வருகிற பிரஷ், வாசனை, பவுடரின் மென்மை ஆகியவற்றில். முன்பெல்லாம் ஷேட்களின் எண்ணிக்கையிலும் பெரிய குறை இருந்தது. மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் பெயருக்கு இரண்டு மூன்று ஷேட் வைத்திருப்பார்கள். 2017-இல் ஃபென்டி பியூட்டி என்ற பிராண்ட் 40 ஷேட்களோடு வந்த பிறகு மற்றவர்களும் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். அந்த மாற்றம் மலிவு விலை அலமாரி வரைக்கும் வந்தது எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோஷம். அதற்கு முன்னால் என் நிறத்துக்குக் கிட்ட வருகிற ஒன்றைத் தயாரிக்க இரண்டு பாட்டில்களைக் கலந்துகொண்டிருந்தேன்.

முதல்முறையாக வாங்குகிறேன். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஒரு புருவப் பென்சில், ஒரு லிப்ஸ்டிக். இந்த இரண்டிலும் ஷேட் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். மலிவு விலையிலேயே மிக நல்லவை கிடைப்பதும் இவற்றில்தான். ஃபவுண்டேஷனைக் கடைசியாக வாங்குங்கள். பலருக்கு அது தேவையே இல்லை. கண்ணுக்குக் கீழும் மூக்கோரத்திலும் மட்டும் கன்சீலரை (கருமையையும் கறைகளையும் மறைக்கிற பூச்சு) தொட்டு வைத்து, விரலால் ஒற்றி எடுத்தால் முகம் தெளிந்துவிடும்.

ஒரே நாளில் ஐந்தாறு புதுச் சாமான்களைப் போட்டுப் பார்க்காதீர்கள். ஏதாவது ஒன்று அரித்தாலோ பரு வந்தாலோ எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

ஃபவுண்டேஷன் ஷேட்டை எப்படிப் பார்த்து எடுப்பது?

புறங்கையில் பார்க்கவே கூடாது. கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடை எலும்பின் மேல், கன்னத்திலிருந்து கழுத்துவரை இறங்குகிற மாதிரி மூன்று ஷேட்களைச் சின்னச் சின்னக் கோடுகளாகப் போடுங்கள். உங்களுக்குப் பொருந்தும் என்று தோன்றுவது ஒன்று, அதைவிட லேசானது ஒன்று, கொஞ்சம் கருமையானது ஒன்று. கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. ஆனால் உடனே எடுத்துவிடாதீர்கள். இருபது நிமிடம் வேறு எதையாவது பார்த்துவிட்டு வந்து மறுபடி கண்ணாடியைப் பாருங்கள்.

அண்டர்டோன் என்பது தோலுக்கு அடியில் தெரிகிற சாயல். மஞ்சள் அல்லது பொன் சாயல் என்றால் வார்ம், ரோஜா சாயல் என்றால் கூல், இரண்டும் இல்லாமல் நடுவில் என்றால் நியூட்ரல், லேசாகப் பச்சை கலந்தது என்றால் ஆலிவ். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். மாநிறத் தோலில் நரம்பு எப்படியும் பச்சையாகத்தான் தெரியும் என்பதால் அந்தச் சோதனையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தாடையில் போட்ட கோடு ரோஜா நிறமாகத் துருத்திக்கொண்டு நின்றால் இன்னும் மஞ்சள் சாயல் வேண்டும், பசலை பிடித்த மாதிரி தெரிந்தால் மஞ்சள் அதிகம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதே நம்பகமானது.

முகமும் கழுத்தும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் கழுத்துக்குப் பொருந்துவதை எடுங்கள். நெற்றியும் வாயைச் சுற்றிய இடமும் கொஞ்சம் கருமையாக இருப்பது பலருக்கும் இயல்புதான்.

காலையில் சரியாக இருந்தது, மதியத்துக்குள் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. ஏன்?

இதை ஆக்சிடைஸ் ஆவது என்று சொல்வார்கள். எனக்கு ஒரு விசேஷ நாளில் இது நேர்ந்தது. முதல் நாள் மாலைதான் ஒரு புது ஃபவுண்டேஷன் வாங்கியிருந்தேன். காலையில் போட்டபோது தோலோடு ஒட்டிப்போய் அவ்வளவு அழகாக இருந்தது. மதியம் எடுத்த போட்டோவில் முகம் செங்கல் நிறத்திலும் கழுத்து வேறு நிறத்திலும் இருந்தன. மூக்கின் இரண்டு பக்கமும், எண்ணெய் அதிகம் வடிகிற இடங்களில், இன்னும் இரண்டு மடங்கு கருமை. நாள் முழுக்க மனது கஷ்டமாக இருந்தது.

நடப்பது இதுதான்: ஃபவுண்டேஷனில் உள்ள தண்ணீரும் ஆவியாகிற சிலிகானும் போனதும் நிறப்பொடி அடர்த்தியாகிறது. அப்புறம் தோலின் எண்ணெய் அதோடு கலக்கிறது. உலர்ந்த மணலில் தண்ணீர் பட்டால் கருத்துத் தெரிகிறதே, அதே மாதிரி எண்ணெயில் நனைந்த நிறப்பொடியும் கருத்துத் தெரிகிறது. எண்ணெய்ப் பசைத் தோலுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

கடையிலேயே இருபது நிமிடம் காத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், அடுத்த முறை அரை ஷேட் லேசானதை எடுங்கள். மெல்லிய ஒரே பூச்சாகப் போட்டு, மூக்கு, நெற்றி, தாடையில் மட்டும் பவுடரை அழுத்தி ஒற்றுங்கள். நடுவில் முகம் பளபளத்தால் மேலே மேலே பவுடர் போடாமல், முதலில் டிஷ்யூ பேப்பரால் எண்ணெயை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

முகம் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது.

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஷேட் தேவைக்கு மேல் வெளிர். டைட்டானியம் டை ஆக்சைடின் வெள்ளை மாநிறத்தின் மேல் ஏறினால் சாம்பலாகத்தான் தெரியும். "ஒரு ஷேட் வெளுப்பாக எடு, முகம் எடுப்பாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நம் நிறத்தில் போட்டால்தான் முகத்துக்கு உயிர் வருகிறது. இரண்டு, கருவளையத்தின் மேல் நேராக வெளிர் கன்சீலரைப் போடுவது. முதலில் அங்கே ஆரஞ்சு அல்லது பீச் நிறக் கரெக்டரை மிகக் கொஞ்சமாகத் தட்டிவிட்டு, அதன் மேல் கன்சீலர் போடுங்கள். நீலச் சாயலை ஆரஞ்சு அடக்கிவிடும். கரெக்டர் இல்லையென்றால் தோலைவிட ஒரு ஷேட் கருமையான, செம்மஞ்சள் சாயலுள்ள கன்சீலரே போதும்.

ஃப்ளாஷ் போட்ட படத்தில் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அது வெள்ளைப் பவுடரில் உள்ள சிலிக்காவின் வேலையாக இருக்கும். வெளியே கிளம்பும் முன் உங்கள் போனில் ஃப்ளாஷோடு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

தேய்க்கும்போது திரி திரியாக உருண்டு வருகிறதே?

அடியில் போட்டதும் மேலே போட்டதும் ஒத்துப்போகவில்லை. சிலிகான் அதிகமுள்ள பிரைமரின் (ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடுகிற பூச்சு) மேல் தண்ணீர் அதிகமுள்ள ஃபவுண்டேஷனைப் போட்டால் இப்படி ஆகலாம். பின்பக்கப் பட்டியலில் முதல் நான்கைந்து பெயர்களைப் பாருங்கள். பொருட்களை அதிக அளவிலிருந்து குறைந்த அளவு என்ற வரிசையில்தான் எழுத வேண்டும் (1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றுக்கு மட்டும் வரிசை கட்டாயமில்லை). "டைமெத்திகோன்" மாதிரி "கோன்" என்று முடிகிற பெயர்கள் மேலே இருந்தால் சிலிகான் அதிகம். பிரைமர், ஃபவுண்டேஷன் இரண்டையும் ஒரே வகையாக எடுத்துக்கொள்ளுங்கள். மாய்ஸ்சரைசர் போட்ட உடனே அவசரப்படாமல் பத்து நிமிடம் விட்டாலும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு) இருக்கிறது. சன்ஸ்கிரீன் தனியாக வேண்டுமா?

வேண்டும். பெட்டியில் போட்டிருக்கிற எஸ்பிஎஃப் எண்ணைச் சோதிப்பது, தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கனத்தில் பூசித்தான். அவ்வளவு கனமாக யாரும் ஃபவுண்டேஷன் போடுவதில்லை, போட்டால் முகமூடி மாதிரி இருக்கும்.

உதட்டுக்கு எந்த வகை லிப்ஸ்டிக் வாங்கலாம்?

இந்த இடத்தில் தாராளமாக விளையாடிப் பாருங்கள். மலிவு விலையில் எனக்கு அதிகம் பிடித்தவை எல்லாம் லிப்ஸ்டிக்குகள்தான்.

குச்சி வடிவத்தில் வருகிற கிரீம் லிப்ஸ்டிக்கில் மெழுகும் எண்ணெயும் நிறமும் இருக்கும். அந்த எண்ணெய் பல சமயம் நம்முடைய ஆமணக்கு எண்ணெயேதான். பட்டியலில் ரிசினஸ் கம்யூனிஸ் என்று எழுதியிருப்பார்கள். உதட்டுக்கு இதமாக இருக்கும், ஆனால் டம்ளரில் ஒட்டும். சாப்பிட்ட பிறகு மறுபடி போட வேண்டும்.

பளபளப்பில்லாமல் உலர்கிற திரவ மேட் லிப்ஸ்டிக்கில் ஐசோடோடெக்கேன் என்ற எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கும். அது பறந்து போனதும் நிறத்தோடு ஒரு மெல்லிய படலம் மட்டும் உதட்டில் தங்கும். அதனால்தான் மணிக்கணக்காக நிற்கிறது. ஆனால் எண்ணெய் பட்டால் இந்தப் படலம் விட்டுப்போகும். எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டதும் உதட்டின் நடுப்பகுதி மட்டும் வெளுத்து, ஓரம் அப்படியே நிற்பது இதனால்தான். கழற்றும்போதும் தண்ணீர் போட்டு அரக்கித் தேய்த்தால் உதடு புண்ணாகும். இரண்டு சொட்டு எண்ணெய் தடவி ஒரு நிமிடம் விட்டால் தானாக வழுக்கி வந்துவிடும்.

மேட் போட்டால் உதடு வெடிக்கிறது என்பவர்கள் பல் தேய்த்ததுமே லிப் பாம் தடவிவிடுங்கள். மற்ற மேக்கப் முடியும் வரை அது ஊறட்டும். லிப்ஸ்டிக் போடும் முன் மட்டும் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படலம் பிடிக்காது.

நியூட் ஷேட் போட்டால் காய்ச்சல்காரி மாதிரி இருக்கிறேன்.

அது வேறு யாருக்கோ நியூட். உங்களுக்கு நியூட் என்பது உங்கள் உதட்டு நிறத்திலேயோ அதைவிட ஒரு படி அழுத்தமாகவோ இருக்க வேண்டும். மாநிறத்துக்குப் பழுப்பு கலந்த ரோஜா, இலவங்கப்பட்டை நிறம், செம்பழுப்பு எல்லாம் நன்றாக இருக்கும். பலருக்கு மேலுதடு கருமையாகவும் கீழுதடு சிவந்தும் இருக்கும். அவர்கள் பழுப்பு லிப் லைனரால் உதடு முழுக்கவும் லேசாக நிரப்பிவிட்டு அதன்மேல் லிப்ஸ்டிக் போட்டால் இரண்டு உதடும் ஒரே நிறத்தில் வரும். ஒரே ஒரு நல்ல பழுப்பு லைனர் இருந்தால் வீட்டில் சும்மா கிடக்கிற பாதி லிப்ஸ்டிக்குகள் உயிர்பெற்றுவிடும்.

போட்டதும் நிறம் மாறுகிற லிப்ஸ்டிக் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறம் தருமா?

பெரிய வித்தியாசம் இருக்காது. அதில் இருப்பது ரெட் 27 மாதிரியான சாயம். மெழுகுக்குள் இருக்கும்வரை அதன் நிறம் தெரியாது. உதட்டின் ஈரமும் அமில காரத் தன்மையும் பட்டதும் அழுத்தமான ரோஜா நிறமாகிவிடும். குச்சி பச்சையாக இருந்தாலும் நீலமாக இருந்தாலும் வருவது ஏறக்குறைய அதே ரோஜாதான். எளிதில் அழியாது என்பது அதன் நல்ல குணம்.

தினமும் லிப்ஸ்டிக் போட்டால் உதடு கறுத்துவிடுமா?

எல்லோருக்கும் ஆகாது. அதில் உள்ள சாயமோ வாசனையோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உதடு அரிக்கும், உரியும், நாளடைவில் கறுக்கும். வெயிலும் உதட்டைக் கறுக்க வைக்கும். அரிப்பு தொடங்கினால் அந்த லிப்ஸ்டிக்கை நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் அடங்கவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

புருவத்துக்குப் பென்சிலா, பவுடரா, ஜெல்லா?

புருவத்தில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி இருந்தால் மெல்லிய முனையுள்ள பென்சில். புருவம் அடர்த்தி, ஆனால் அடங்காமல் நிற்கிறது என்றால் நிறமில்லாத ஜெல் மட்டும் போதும். மொத்தமாகவே மெலிந்த புருவத்துக்குப் பவுடர் மென்மையாகத் தெரியும். டப்பாவில் வருகிற பொமேட் என்ற கெட்டிக் கிரீம் நன்றாக நிற்கும், ஆனால் கை பழகாதவர்களுக்கு ஒரே இழுப்பில் கரிக்கோடாகிவிடும். அதை முதலில் வாங்க வேண்டாம்.

ஷேட் விஷயத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். முடி கறுப்பு என்பதால் கறுப்புப் பென்சில் எடுப்பார்கள். தோலில் படும்போது அது மையால் வரைந்த மாதிரி ஆகிவிடும். சிவப்புச் சாயல் இல்லாத அடர் பழுப்பை எடுங்கள். மலிவுப் பென்சில்களில் "பிரவுன்" என்று எழுதியிருப்பது பல நேரம் செம்மண் நிறம். வெள்ளைத் தாளில் ஒரு கோடு இழுத்து விரலால் தேயுங்கள். தேய்த்த இடம் சிவந்தால் வேண்டாம், சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தால் எடுக்கலாம்.

போடுகிற முறை: பென்சிலையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கின் ஓரத்திலிருந்து நேராக மேலே பிடித்தால் புருவம் தொடங்கும் இடம். அதே மூக்கோரத்திலிருந்து கருவிழியின் வெளிவிளிம்பு வழியாகச் சாய்த்தால் வளைவு வரும் இடம். கண்ணின் வெளிமூலை வழியாகச் சாய்த்தால் முடியும் இடம். வரைவதை வாலிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் முடி மெலிந்து இருப்பது அங்கேதான். ஒரு நீளக் கோடாக இழுக்காமல், முடி வளர்கிற திசையிலேயே ஒவ்வொரு முடியளவுக்குச் சின்னச் சின்னக் கீற்றாகப் போடுங்கள். மூக்குப் பக்கம் வரும்போது பென்சிலில் மிச்சம் இருப்பதே போதும். கடைசியில் ஸ்பூலி பிரஷால் மேல்நோக்கிச் சீவிவிடுங்கள். இந்தச் சீவல்தான் முக்கியம், கோட்டையெல்லாம் கரைத்து முடியாக்கிவிடும். தேய்த்துத் தீர்ந்த மஸ்காராவின் பிரஷை நன்றாகக் கழுவி வைத்துக்கொண்டால் அதுவே ஸ்பூலி.

இரண்டு புருவமும் அச்சு அசலாக ஒரே மாதிரி வர வேண்டியதில்லை. யாருக்கும் அப்படி இல்லை.

கடை டெஸ்டரை நேராக உதட்டில் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. உதட்டுக் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் முதற்கொண்டு இப்படித் தொற்ற வாய்ப்பு உண்டு. லிப்ஸ்டிக் நிறத்தை விரல் நுனியில் போட்டுப் பாருங்கள். விரல் நுனியின் சிவப்பு உதட்டு நிறத்துக்குக் கிட்ட இருக்கும்.

ஒத்துக்கொள்ளுமா என்று வீட்டில் எப்படிச் சோதிப்பது?

முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவுக்குத் தடவுங்கள். காலை, மாலை என்று ஏழு முதல் பத்து நாள் வரை அதே இடத்தில் தடவச் சொல்கிறார்கள் தோல் மருத்துவர்கள். ஒவ்வாமை சில நேரம் மெதுவாகத்தான் தலைகாட்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் இரண்டு நாளாவது பாருங்கள். "ஹைப்போஅலர்ஜெனிக்" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில்கூட அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை கிடையாது. வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் பட்டியலில் பர்ஃப்யூம், லினலூல், லிமோனீன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்த பிறகு எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

டப்பாவின் பின்னால் திறந்த மூடியோடு ஒரு குட்டி டப்பாப் படமும் அதில் 6எம், 12எம் என்ற எண்ணும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம். மஸ்காரா மட்டும் மூன்று முதல் ஆறு மாதம்தான், கண் விஷயம். லிப்ஸ்டிக்கில் பழைய எண்ணெய் வாடை வந்தாலோ ஃபவுண்டேஷன் தண்ணீராகப் பிரிந்து குலுக்கியும் சேராவிட்டாலோ மாதக் கணக்கைப் பார்க்காமல் போட்டுவிடுங்கள் குப்பையில். நான் திறக்கிற நாளை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி அடியில் ஒட்டிவிடுவேன்.

எதற்காவது கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யலாமா?

சன்ஸ்கிரீனுக்கும், ஒரு நல்ல ஸ்பாஞ்ச் அல்லது பிரஷுக்கும். சாதாரண ஃபவுண்டேஷனை ஈரமான ஸ்பாஞ்சால் ஒற்றிப் போட்டால் விலை உயர்ந்தது மாதிரி விழும். ஸ்பாஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, தேய்க்காமல் தட்டித் தட்டிப் போட வேண்டும். வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவிக் காற்றாட உலர்த்துங்கள். மூடிய பைக்குள் ஈரமாகப் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

வாங்கிய ஷேட் பொருந்தவில்லை. தூக்கிப் போடுவதா?

அவசரப்பட வேண்டாம். கருமையாகப் போன ஃபவுண்டேஷனை மாய்ஸ்சரைசரில் ஒரு துளி கலந்தால் மெல்லிய நிறப்பூச்சாகிவிடும். கெட்டியாக இருந்தால் தாடைக்குக் கீழே நிழல் காட்டப் பயன்படுத்தலாம். கிரீம் லிப்ஸ்டிக்கை விரலில் தொட்டுக் கன்னத்தில் தட்டினால் அருமையான பிளஷ்.

ஒன்றே ஒன்று மட்டும் செய்யாதீர்கள். உதட்டுப் பென்சிலைக் கண்ணுக்கோ, புருவம், கண் பென்சிலை உதட்டுக்கோ மாற்றிப் போட வேண்டாம். கண்ணருகே பயன்படுத்த அனுமதி பெற்ற நிறங்கள் வேறு, உதட்டுக்கு அனுமதி பெற்றவை வேறு. கண் பென்சிலில் வருகிற சில நீலங்களும் பச்சைகளும் உதட்டுக்கு ஆகாது. லிப்ஸ்டிக்கில் வருகிற சில சிவப்புகள் கண்ணுக்கு ஆகாது. டப்பாவில் இரண்டுக்கும் ஆகும் என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டும் மாற்றிப் போடுங்கள்.